கினிப் பன்றியின் தீனியும் சிறுநீர்ப்பைக் கல்லும்

கூண்டு விரிப்பில் சிறுநீர் காய்ந்து வெள்ளையாகத் திட்டுப் படிந்திருக்கும். அதை விரல்நுனியால் தேய்த்துப் பாருங்கள். முகப்பவுடர் போல மெத்தென்று உதிர்ந்தால் கவலை வேண்டாம். மணல் போல நறநறவென்று உறுத்தினால் தீனித் தட்டையும் தண்ணீர்ப் புட்டியையும் உடனே கவனிக்க வேண்டும். கினிப் பன்றி வளர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய பரிசோதனை இதுதான். செலவில்லாதது, வாரம் ஒருமுறை விரிப்பு மாற்றும்போதே முடிந்துவிடுவது.

அந்த வெள்ளைப் பொடி கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் முட்டை ஓடும் எதனால் ஆனவையோ, அதே பொருள். கினிப் பன்றியின் சிறுநீர்ப்பையில் உருவாகும் கற்களில் பெரும்பாலானவையும் இதனால் ஆனவையே. ஆரோக்கியமான விலங்கின் சிறுநீரிலேயே இது தினமும் வெளியேறுகிறது. எனவே 'கால்சியம் எங்கிருந்து வந்தது' என்று கேட்பதைவிட, 'ஏன் வெளியேறாமல் தங்கியது' என்று கேட்பதே பயன் தரும்.

சிறுநீர் ஏன் கலங்கலாக இருக்கிறது

மனிதக் குடல் கால்சியத்தை அளந்துதான் எடுத்துக்கொள்ளும். உடலுக்குப் போதும் என்றானதும் உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். மிச்சம் மலத்தோடு போய்விடும். கினிப் பன்றியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு மிகக் குறைவு. தீனியில் கால்சியம் கூடக் கூட, ஏறக்குறைய அதே விகிதத்தில் இரத்தத்துக்கும் போகிறது. அதிகமானதை வெளியே தள்ளும் பொறுப்பு சிறுநீரகத்தின் தலையில் விழுகிறது. முயலுக்கும் இதே ஏற்பாடுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. புல்லும் இலையும் தின்னும் விலங்கு என்பதால் இதன் சிறுநீர் காரத்தன்மை உடையது. பிஹெச் அளவு பொதுவாக 8 முதல் 9 வரை இருக்கும். கால்சியம் கார்பனேட் அமிலத்தில் கரையும், காரத்தில் கரையாது. ஆக, சிறுநீர்ப்பையில் எப்போதும் கரையாத நுண்துகள்கள் மிதந்துகொண்டே இருக்கின்றன. இளமஞ்சளாகவோ பால் கலந்த தண்ணீர் போலவோ சிறுநீர் கலங்கித் தெரிவது அதனால்தான். புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துச் சீழ் என்று பயப்படுவதுண்டு, பயப்படத் தேவையில்லை.

வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் உப்பு படிவதைப் பார்த்திருப்பீர்கள். அடிக்கடி கழுவினால் மாவு போல வந்துவிடும். விட்டுவிட்டால் ஏடு கட்டி, பிறகு சுரண்டினாலும் வராது. சிறுநீர்ப்பையிலும் நடப்பது ஏறத்தாழ இதுதான். நிறையத் தண்ணீர் உள்ளே போய், விலங்கு நன்றாக ஓடியாடி, அடிக்கடி சிறுநீர் கழித்தால் துகள்கள் அடித்துச் செல்லப்படும். தண்ணீர் குறைந்தாலோ, விலங்கு கொழுத்து ஒரே மூலையில் கிடந்தாலோ, துகள்கள் பையின் அடியில் படிந்து பற்பசை போன்ற கசடாகின்றன. அந்தக் கசடு இறுகினால் கல்.

பரம்பரை இயல்பும் இதில் சேரும். ஒரே கூண்டில் ஒரே தட்டில் தின்னும் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் திரும்பத் திரும்பக் கல் வருவதுண்டு. எல்லாம் சரியாகச் செய்தும் கல் வந்துவிட்டால், வளர்ப்பவர் தன்னை நொந்துகொள்வதில் அர்த்தமில்லை. தீனி என்பது நம் கைக்கு எட்டும் ஒரே பிடிமானம்; அவ்வளவே.

ஒரு நாள் கணக்கு

எந்தக் கீரையில் எவ்வளவு கால்சியம் என்ற பட்டியலைத்தான் எல்லோரும் முதலில் தேடுகிறார்கள். அந்தப் பட்டியலை மூடிவைத்துவிட்டு, முழு நாளின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1 கிலோ எடையுள்ள, வளர்ந்த கினிப் பன்றி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் தோராயமானவை, புல்லின் ரகம், அறுவடை, தண்ணீர் ஆகியவற்றைப் பொறுத்து மாறும்.

திமோதி என்ற தீவனப் புல்லின் உலர்புல் 40 கிராம், கால்சியம் 0.4 சதவீதம் என்றால் 160 மி.கி. திமோதியில் செய்த பெல்லட் (அரைத்து அழுத்திய குச்சித் தீனி) 15 கிராம், 0.6 சதவீதம் என்றால் 90 மி.கி. காய்கறியும் இலையும் 100 கிராம்: ரோமெய்ன் லெட்யூஸ் 60 கிராமில் 20 மி.கி., குடைமிளகாய் 30 கிராமில் 3 மி.கி.க்கும் குறைவு, கொத்தமல்லித்தழை 10 கிராமில் 7 மி.கி.; மொத்தம் 30 மி.கி. என்று வையுங்கள். குடிதண்ணீர் 80 மி.லி.யில் ஓரளவு உப்புத் தண்ணீரானாலும் 5 மி.கி. அளவுதான். ஆக, நாளுக்கு 285 மி.கி.

இப்போது ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

திமோதிக்குப் பதில் குதிரைமசால் (அல்ஃபால்ஃபா என்ற தீவனச் செடி) போட்டால்? அதில் கால்சியம் 1.4 சதவீதம் வரை இருக்கும். அதே 40 கிராம் 560 மி.கி. தரும். ஒரே மாற்றத்தில் 400 மி.கி. கூடிவிட்டது. பெல்லட் கிண்ணத்தை எப்போதும் நிரப்பி வைத்தால்? 40 கிராம் பெல்லட்டைத் தின்றுவிட்டு, புல்லை 20 கிராமோடு நிறுத்திக்கொள்ளும். அந்தப் பெல்லட் குதிரைமசாலில் செய்ததாக இருந்து, கால்சியம் 1 சதவீதம் என்றால், அது மட்டுமே 400 மி.கி.

கடைசியாக, கால்சியத்துக்குப் பயந்து பச்சை இலையையே நிறுத்திவிட்டால்? 30 மி.கி. கால்சியம் குறையும். கூடவே 90 மி.லி.க்கு மேல் தண்ணீரும் போய்விடும். 100 கிராம் லெட்யூஸ், வெள்ளரி, குடைமிளகாயில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். முன்பு 285 மி.கி. கால்சியத்தோடு 170 மி.லி.க்கு மேல் நீர் போனது. இப்போது 255 மி.கி.யோடு வெறும் 80 மி.லி. கால்சியம் பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, அடர்த்தியோ ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. புட்டியில் கொஞ்சம் கூடுதலாகக் குடித்து ஈடுகட்டப் பார்க்கும், உண்மைதான். ஆனால் இலையில் இழந்ததை முழுவதும் புட்டியில் மீட்பது அரிது.

கல் வந்த விலங்குக்கு 'இனிமேல் காய்ந்த புல் மட்டும்' என்று சிலர் விதித்துவிடுவதும் இதனால்தான் பெரும்பாலும் எதிர்விளைவைத் தருகிறது.

உலர்புல்: வைக்கோல் வேறு, இது வேறு

தமிழில் இரண்டையும் வைக்கோல் என்றே சொல்லிவிடுகிறோம். கதிரை அறுத்துத் தானியம் எடுத்த பிறகு எஞ்சும் மஞ்சள் தாள்தான் வைக்கோல். அதில் சத்து மிகக் குறைவு, படுக்கையாகப் போடலாம். கினிப் பன்றிக்குத் தீனி, பச்சையாக இருக்கும்போதே அறுத்து உலர்த்திய புல். திமோதி, ஆர்ச்சர்டு புல், புல்வெளிக் கலவை இவற்றில் எது கிடைத்தாலும் சரி. கொஞ்சம் பச்சை நிறம் மிஞ்சியிருக்க வேண்டும். முகர்ந்தால் நல்ல புல் வாசனை வர வேண்டும். தூசி பறந்தாலோ பூசண வாடை அடித்தாலோ அந்தக் கட்டையே ஒதுக்கிவிடுங்கள்.

அளவு என்று ஒன்று கிடையாது. இரவும் பகலும் தீராமல் இருக்க வேண்டும். தின்பதில் ஐந்தில் நான்கு பங்கு இதுவாக இருப்பது நல்லது. இதன் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை; புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய்கின்றன. குருட்டுக்குடலில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கும் நார்தான் சாப்பாடு. புல்லைக் குறைத்தால் முதலில் கெடுவது வாயும் குடலும். அவை கெட்டால் தின்பதும் குடிப்பதும் குறைந்து, சிறுநீர்ப்பையும் பின்னாலேயே கெடும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: கினிப் பன்றி தின்னும் இடத்திலேயே கழிக்கும். புல் கூடையைக் கழிவுத் தட்டுக்கு மேலாக வைத்தால் அங்கேயே அதிக நேரம் நின்று தின்னும், சுத்தம் செய்வதும் எளிது. புல்லை ஒதுக்கும் விலங்குக்கு ஒரு கைப்பிடி புதுப் புல்லை நாளுக்கு மூன்று முறை உதிர்த்துப் போட்டுப் பாருங்கள். பழைய புல்லை முகர்ந்துகூடப் பார்க்காதது, புதிதாக விழுந்ததற்கு ஓடிவரும்.

குதிரைமசால் கெட்ட பொருள் அல்ல, வயதுக்குரிய பொருள். ஆறு மாதம் வரையுள்ள குட்டிக்கும், சினையாக இருக்கும் அல்லது பால் கொடுக்கும் தாய்க்கும் அந்தக் கால்சியம் தேவைப்படும். அதன்பிறகு நிறுத்திவிட வேண்டும். பல வீடுகளில் இந்த மாற்றம் நடப்பதே இல்லை. குட்டியாக வாங்கியபோது கடையில் சேர்த்துக் கொடுத்த பையையே மூன்று வயது வரை தொடர்ந்து வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

பெல்லட் பையைப் படிக்கும் விதம்

முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கம் மூலப்பொருள் பட்டியலின் முதல் பெயர் திமோதி அல்லது வேறு புல்லாக இருக்க வேண்டும். அங்கே குதிரைமசால், அல்ஃபால்ஃபா, லூசர்ன் என்று இருந்தால், மூன்று பெயரும் ஒரே செடிதான். வளர்ந்த விலங்குக்கு அது வேண்டாம். கால்சியம் 0.6 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. வண்ண உருண்டை, விதை, உலர்பழம் கலந்த பை என்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். விலங்கு இனிப்பானதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியை விட்டுவிடும்.

நாளுக்கு ஒரு விலங்குக்கு ஒரு கப்பில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 15 முதல் 20 கிராம் போதும். கண்ணளவில் போடாமல் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, அந்த அளவுக்கு ஒரு சிறு கிண்ணத்தை ஒதுக்கி வையுங்கள். புதுப் பிராண்டுக்கு மாறும்போது பத்து முதல் பதினான்கு நாள் எடுத்துக்கொண்டு, பழையதில் புதியதைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிறு கழியும், அல்லது தின்பதையே நிறுத்திவிடும்.

இலையும் காயும்

நாளுக்கு ஏறக்குறைய ஒரு கப், இரண்டு வேளையாகப் பிரித்து. அலசியபின் உதறாமல், ஈரம் சொட்டச் சொட்டப் போடுங்கள். இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீரும் உள்ளே போகட்டும். தண்ணீர் குடிக்க அடம்பிடிக்கும் விலங்குக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

தினமும் போடக்கூடியவை: ரோமெய்ன் போன்ற இலை லெட்யூஸ் வகைகள், குடைமிளகாய், வெள்ளரி, சிறிதளவு கொத்தமல்லித்தழை. உருண்டையான ஐஸ்பெர்க் லெட்யூஸில் சத்து அதிகம் இல்லை. தண்ணீருக்காக எப்போதாவது கொடுக்கலாம்.

வாரத்தில் ஓரிரு முறை, கொஞ்சமாக: பார்ஸ்லி, கேல், டேண்டிலியன் இலை. 100 கிராம் பார்ஸ்லியில் 138 மி.கி. கால்சியம் உண்டு, டேண்டிலியனில் 187, கேலில் அதற்கும் மேலே. எண் பெரிதாகத் தெரியும், ஆனால் யாரும் 100 கிராம் பார்ஸ்லி போடுவதில்லை. இரண்டு காம்பு 5 கிராம்கூட வராது. அதில் இருப்பது 7 மி.கி. கல் வந்து தேறிய விலங்கைத் தவிர மற்றவற்றுக்கு இந்த இலைகளை அறவே விலக்க வேண்டியதில்லை. நாள்தோறும் கைப்பிடி கைப்பிடியாகக் கேல் போடுவதுதான் தவறு.

பசலைக்கீரை, பீட்ரூட் இலை, சுவிஸ் சார்டு மூன்றையும் வேறு காரணத்துக்காகக் குறைக்க வேண்டும். அவற்றில் ஆக்ஸலேட் அதிகம். அது கால்சியத்தோடு சேர்ந்து வேறொரு வகைக் கல்லை உண்டாக்கக்கூடியது. கேரட்டும் பழமும் சர்க்கரை காரணமாக வாரத்தில் ஓரிரு சிறு துண்டோடு நிற்கட்டும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, ருபார்ப், அவகாடோ, ரொட்டி, பால் பொருள், சாக்லேட் எதுவும் கூடவே கூடாது.

கால்சியத்தை அறவே ஒழித்துவிட முயல்வதும் ஆபத்து. எலும்புக்கும் பல்லுக்கும் அது வேண்டும். தீனியில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் கூடுதலாக, ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை இருப்பதே இந்த விலங்குக்கு ஏற்ற விகிதம். தானியமும் விதையும் பாஸ்பரஸ் மிகுந்தவை. 'கால்சியம் இல்லாத தீனி' என்று நினைத்து அவற்றைப் போட்டால் விகிதம் தலைகீழாகிவிடும்.

வைட்டமின் சி எங்கே வருகிறது

மனிதரைப் போலவே கினிப் பன்றியின் உடலும் வைட்டமின் சி தயாரிக்காது. தயாரிப்பின் கடைசிப் படிக்கு வேண்டிய நொதி அதனிடம் இல்லை. எனவே தினமும் வாய்வழியாகவே வர வேண்டும். ஆரோக்கியமான வளர்ந்த விலங்குக்கு உடல் எடை கிலோவுக்கு 10 முதல் 30 மி.கி. தேவை, சினைக்காலத்தில் அந்த வரம்பின் மேல்நுனி. கிடைக்காமல் போனால் இரண்டு மூன்று வாரத்திலேயே ரோமம் சிலிர்த்து, மூட்டு வீங்கி, நடக்கத் தயங்கும்.

இதற்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன தொடர்பு? வைட்டமின் சி-யைத் தருகிற வழியில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒருவர் பல்சத்து மருந்து வாங்குகிறார். அதில் வைட்டமின் டி-யும் கால்சியமும் சேர்ந்தே இருக்கின்றன. வைட்டமின் டி கூடினால் கால்சியத்தின் சுமையும் கூடும். இன்னொருவர் சொட்டு மருந்தைக் குடிதண்ணீரில் கலக்கிறார். வெளிச்சம் பட்டு, நேரம் போகப் போக அது வீரியம் இழக்கிறது. ருசி மாறியதால் விலங்கு தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறது. மருந்தும் போய்ச் சேரவில்லை, தண்ணீரும் போகவில்லை.

30 கிராம் சிவப்புக் குடைமிளகாயில் 38 மி.கி. வைட்டமின் சி இருக்கிறது. பச்சையில் 24 மி.கி. கால்சியமோ மூன்று மி.கி.கூட இல்லை, மீதி பெரும்பாலும் தண்ணீர். சிறுநீர்ப்பைக்காகவே செய்துவைத்த காய் என்று சொல்லலாம். மாத்திரை அவசியமானால் வைட்டமின் சி மட்டும் உள்ளதை, மருத்துவர் சொல்லும் அளவில், நேரடியாக வாயில் கொடுங்கள். தேவைக்கு மேல் வாரிக் கொடுத்தால் உடலில் அதன் ஒரு பகுதி ஆக்ஸலேட்டாக மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். பெல்லட்டில் சேர்த்திருக்கும் வைட்டமின் சி நாளாக ஆகக் குறையும். தயாரித்த தேதியைப் பார்த்துச் சிறிய பையாக வாங்கி, வெளிச்சம் படாமல் இறுக மூடி வையுங்கள்.

தண்ணீர்

பச்சை இலை இல்லாத நிலையில் கிலோவுக்கு நாளுக்கு 100 மி.லி. அளவு தேவை என்று கொள்ளலாம். இலை நிறையத் தின்னும் விலங்கு புட்டியில் அதைவிடக் குறைவாகக் குடித்தால் அது இயல்பே. ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு வழக்கம் இருக்கும். அந்த வழக்கத்திலிருந்து விலகுவதையே கவனிக்க வேண்டும். திடீரென்று குறைந்தால் பல்வலியோ உடல்வலியோ இருக்கலாம். திடீரென்று மிகுந்தால் சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருக்கக்கூடும். புட்டியின் வெளியே பேனாவால் கோடு போட்டு நாளுக்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.

உருண்டை வைத்த புட்டியில் அந்த உருண்டை சிக்கிக்கொள்வது சாதாரணம். புட்டி நிறையத் தண்ணீர் இருக்கும், ஒரு சொட்டும் வராது. காலையும் மாலையும் விரலால் தட்டிச் சொட்டுகிறதா என்று பாருங்கள். முடிந்தால் இரண்டு இடத்தில் தண்ணீர் வையுங்கள்: ஒன்று புட்டி, மற்றொன்று கனமான பீங்கான் கிண்ணம். தலையைக் குனிந்து குடிப்பதைச் சில விலங்குகள் விரும்பும். கிண்ணத்தில் புல்லும் புழுக்கையும் விழும். நாளுக்கு இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும்.

உங்கள் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளைக் கறை படியவைக்கும் ரகமா? மேலே போட்ட கணக்கில் பார்த்தபடி அதன் பங்கு சிறியது. ஆனாலும் கல் வந்த வரலாறு உள்ள விலங்குக்கு வடிகட்டிய நீர் தரலாம். உப்பைச் சேர்த்து மென்மையாக்கும் கருவியின் நீர் வேண்டாம். கால்சியத்துக்குப் பதில் சோடியம் ஏறியிருக்கும்.

கூண்டில் தொங்கும் உப்புக்கட்டி, தாதுக்கட்டி, 'பல்லுக்கு நல்லது' என்று விற்கும் கால்சியக் கட்டி இவற்றைக் கழற்றி எறிந்துவிடலாம். சரியான தீனி தின்னும் விலங்குக்கு அவை எதற்கும் பயனில்லை.

கெடத் தொடங்கியதற்கு அடையாளம்

சிறுநீரோ புழுக்கையோ போகும்போது 'கீச்' என்று கத்துவது, முதுகைக் கூனிக்கொண்டு நிற்பது, அடிக்கடி முக்கியும் சில சொட்டு மட்டும் வருவது, பின்பக்க ரோமம் எப்போதும் ஈரமாக நாறுவது, சிறுநீரில் இரத்தம், விரிப்பில் நறநறக்கும் படிவு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காட்ட வேண்டும். கினிப் பன்றி இரைவிலங்கு. வலியை மறைக்கப் பிறந்தது. வெளியே தெரிகிறது என்றால் வலி முற்றிவிட்டது என்று பொருள். அதனால்தான் வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், சமையலறைத் தராசில் எடை பார்க்கச் சொல்கிறோம். வாரத்துக்கு 50 கிராம் குறைந்தால் கூர்ந்து கவனியுங்கள், 100 கிராம் குறைந்தால் மருத்துவரிடம் போங்கள்.

விரிப்பில் சிவப்பைப் பார்த்ததும் இரத்தம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பீட்ரூட் தின்றிருக்கலாம். சாதாரணச் சிறுநீரே காற்றுப் பட்டு ஆரஞ்சாகவோ செம்பழுப்பாகவோ மாறுவதுண்டு. விலங்கை வெள்ளைத் துணியில் அரை மணி நேரம் விட்டு, கழித்தவுடனே நிறத்தைப் பாருங்கள். அப்போதே சிவப்பென்றால் மருத்துவர் சோதனைப் பட்டையால் உறுதிசெய்யட்டும். பெண் விலங்கில் அந்த இரத்தம் கருப்பையிலிருந்தும் வரலாம். அதைப் பிரித்தறிவதும் அவர் வேலை. ஆண் விலங்கின் கூண்டில் வெண்மையாக, ரப்பர் போல நீளமாக ஏதாவது கிடந்தால் அது கல் அல்ல, உறைந்த விந்து.

பெண் விலங்குக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் குட்டையாகவும் ஓரளவு அகலமாகவும் இருக்கும். சிறிய கல் தானாக வந்துவிடலாம், அல்லது வாயருகே வந்து சிக்கி நிற்கலாம். ஆணின் குழாய் நீண்டு ஒடுங்கியது. கல் அடைத்தால் முழு அடைப்புதான். முக்கியும் ஒரு சொட்டும் வராமல், வயிறு புடைத்து, தீனியைத் தொடாமல் கிடந்தால் நாளை வரை பொறுக்காதீர்கள். அடைப்பு இருக்கலாம் என்று தோன்றும் விலங்குக்கு வீட்டில் சிரிஞ்சால் தண்ணீரைத் திணிப்பதும் தவறு.

மருத்துவரிடம்

எக்ஸ்ரே கேளுங்கள். கால்சியக் கல் எக்ஸ்ரேயில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அது எடுக்காமல் 'சிறுநீர்த் தொற்று' என்று ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தால் சில நாள் தேறியது போலத் தோன்றும். கல்லால் புண்பட்ட இடத்தில் ஏறிய கிருமி அடங்கியிருக்கும், கல் அங்கேயே இருக்கும். மருந்து முடிந்ததும் கத்தல் திரும்பும். இரண்டாம் முறையும் அதே கதை என்றால் படம் எடுக்காமல் விடக்கூடாது.

கல்லும் இல்லாமல், கிருமியும் வளராமல், வலியும் இரத்தமும் மட்டும் வந்து வந்து போகும் நிலையும் உண்டு: சிறுநீர்ப்பைச் சுவரின் கிருமியற்ற அழற்சி. அதற்கு வலிநிவாரணியும் நிறையத் தண்ணீரும் நீண்டகாலப் பொறுமையும்தான் வைத்தியம்.

மருந்துச் சீட்டில் ஒன்றை மட்டும் நீங்களும் சரிபாருங்கள். பெனிசிலின், அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லிங்கோமைசின், எரித்ரோமைசின் ஆகியவற்றை இந்த விலங்குக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சுக் கிருமி பெருகி, சில நாளில் உயிரே போகலாம். நாய் பூனைக்குப் பழகிய மருத்துவர்களுக்கும் இது கை தவறக்கூடிய இடம். ட்ரைமெத்தோப்ரிம்–சல்ஃபா, என்ரோஃப்ளாக்ஸசின் போன்றவையே வழக்கமாகப் பயன்படுபவை.

உருவான கால்சியம் கார்பனேட் கல்லைத் தீனியாலோ மருந்தாலோ கரைக்க முடியாது. கரைக்க வேண்டுமென்றால் சிறுநீர் அமிலமாக வேண்டும். புல் தின்னும் விலங்கில் அது நடக்கிற காரியமில்லை. எலுமிச்சை, வினிகர், கிரான்பெர்ரிச் சாறு எல்லாம் இந்த ஒரே காரணத்தால் வீண். சர்க்கரையால் குடல் கெடுவதுதான் மிச்சம். கசடு நிலையில் இருந்தால் தோலுக்கடியில் திரவம் ஏற்றியும் பையைக் கழுவியும் வெளியேற்றப் பார்ப்பார்கள். கல்லாகிவிட்டால் இடத்தைப் பொறுத்து மயக்கத்தில் எடுக்கவோ, பையைத் திறந்து அறுவை செய்யவோ வேண்டியிருக்கும். எடுத்த கல்லை எறிந்துவிடாமல் எந்த வகை என்று பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கார்பனேட்டா ஆக்ஸலேட்டா என்பது தெரிந்தால்தான் அடுத்த தீனித் திட்டத்தைச் சரியாக வகுக்க முடியும்.

அறுவைக்குப் பிறகு முதல் கவலை கல் அல்ல, குடல். அரை நாள் தின்னாமல் இருந்தாலே குடல் இயக்கம் தளரத் தொடங்கும். ஊறவைத்துக் குழைத்த பெல்லட்டையோ, இதற்கென்று விற்கும் நார்ப்பொடிக் கூழையோ சிரிஞ்சில் சிறிது சிறிதாக, வாயின் பக்கவாட்டில் கொடுக்க வேண்டியிருக்கும். எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒருமுறை என்பதை வீட்டுக்குக் கிளம்பும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கல் திரும்ப வருவது சகஜம். தேறியபின் பார்ஸ்லி, கேல், டேண்டிலியன் மூன்றையும் நிறுத்தி, பெல்லட்டை ஒரு மேசைக்கரண்டியாகக் குறைத்து, ஈர இலையைக் கூட்டி, கூண்டுக்கு வெளியே ஓட நாளும் இடம் கொடுங்கள். சில மருத்துவர்கள் பொட்டாசியம் சிட்ரேட்டோ ஹைட்ரோகுளோரோதயாசைடோ சேர்ப்பதுண்டு. அது அவர்கள் அளந்து தர வேண்டியது, வீட்டில் சோதித்துப் பார்க்கும் பொருள் அல்ல. மறு எக்ஸ்ரேக்கு எப்போது வர வேண்டும் என்று தேதி வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை விரிப்பு மாற்றும் நாளெல்லாம் அந்த வெள்ளைத் திட்டை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டே துவைக்கப் போடுங்கள்.